பகலில் கடல், ராத்திரி நாடகம்: ராமநாதபுரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மாற்றல் உத்தரவில் ராமநாதபுரம் என்று பார்த்ததும், கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்து கையைப் பிடித்தார்கள். "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிட்டாங்களே" என்றார் ஒருவர். வந்து எட்டு வருஷம் ஆகிறது. தண்ணீர்க் கஷ்டம் உண்டுதான், அதை மறைக்க முடியாது. ஆனால் சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்ற கஷ்டம் முதல் வருஷத்தோடு தீர்ந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான். பகலில் கடலுக்குப் போங்கள், ராத்திரி நாடகத்துக்குப் போங்கள் என்பேன். இரண்டையும் ஒரே நாளில் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன்.

வந்த புதிதில் ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடி போய், வழியில் அப்துல் கலாம் நினைவிடம் பார்த்து, வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. குளித்துவிட்டு அப்படியே பக்கத்துக் கிராமத்தில் வள்ளி திருமணம் நாடகம் பார்க்கப் போனோம். பதினொரு மணிக்கு மகன் தூங்கினான். பதினொன்றரைக்கு மனைவி. வள்ளி மேடைக்கு வந்தபோது நான் மட்டும் விழித்திருந்தேன், அதுவும் ஒரு கண்ணால். மறுநாள் மகளிடம் நாடகம் எப்படி என்று கேட்டால், "சிப்ஸ் நல்லா இருந்துச்சுப்பா" என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான்: நாடகம் இருக்கிற நாளில் பகலைப் பாதியாக வெட்டிவிட வேண்டும். மற்ற யோசனையெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில், என்ன நாடகம்?

சபாவில் டிக்கெட் வாங்கி, ஏசியில் இரண்டு மணி நேரம் பார்க்கும் நாடகம் அல்ல இது. கோயில் திருவிழாவில், ஊர்ப் பொட்டலில், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பது. கட்டணம் கிடையாது. 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். கம்பெனி என்று ஒன்று இல்லாமல் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (மற்ற தாளக் கருவிகள்) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் அழைப்பதால் அந்தப் பெயர். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து. ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் சில பேர் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பெரும்பாலும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக்கொடுத்த பாதை. ஆனால் நடுவில் யார் எதைக் கேட்பார், மற்றவர் எதைத் திருப்பிச் சொல்வார் என்பது மேடையில்தான் முடிவாகும். இது தெரியாமல் பார்த்தால் 'என்ன இழுத்துக்கிட்டே போறாங்க' என்று தோன்றும். தெரிந்துவிட்டால் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி, அடுத்த பந்து என்ன ஆகும் என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

தேதி பிடிப்பது

சீசன் மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடி, ஆவணி வரைக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் திறந்தவெளி நாடகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் பழைய வீடியோ கிடைக்கும், தேதி கிடைக்காது. டீக்கடைச் சுவரைப் பாருங்கள். நடிகர்களின் முகத்தை வட்டம் வட்டமாகப் போட்டு, பெயருக்கு மேல் பட்டமும் கீழே ஊரும் அச்சடித்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதைவிட நம்பகமான ஆள் ஒருவர் இருக்கிறார், மைக் செட்டுக்காரர். எந்த ஊரில் எந்தத் தேதியில் காப்புக் கட்டு, எந்த ராத்திரி நாடகம், எந்த ராத்திரி கச்சேரி என்பது அவருடைய டைரியில் மூன்று மாதத்துக்கு முன்பே ஏறியிருக்கும். என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் குழாய் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். மாசி பிறந்ததும் அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இந்த வருஷம் வெள்ளி, சனியில எங்கெங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன்.

வெள்ளி, சனி என்று குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்து மாரியம்மன், காளியம்மன் திருவிழாக்கள் பல செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி, அடுத்த செவ்வாய், புதனில் முளைப்பாரியோடு முடியும். நாடகமும் அதை ஒட்டியே வைப்பதால் வார நாளில் விழுவது அதிகம். உங்கள் லீவு நாளுக்காக அம்மன் காத்திருக்க மாட்டாள். அதனால் இந்த ஊர்தான், இந்த நடிகர்தான் என்று பிடிவாதம் பிடிக்காமல், வார இறுதியில் எது மாட்டுகிறதோ அதற்குப் போங்கள். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்களில் விடிய விடிய நாடகம் வைப்பதும் உண்டு. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் பாஸ்கு, அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம் போடுகிற வழக்கம் இருக்கிறது. அது தனி அனுபவம், அதற்கும் ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

நோட்டீஸை ஒழுங்காகப் படியுங்கள். 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' என்று போட்டிருந்தால் அது நாடகம் அல்ல, சினிமாப் பாட்டுக்கு ஆடுவது. என் நண்பர் ஒருவர் மாமனார், மாமியாரோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது பாட்டில் மாமனார் எழுந்து காருக்குப் போனார். வழியெல்லாம் பேச்சில்லை.

முதல் நாடகத்துக்கு வள்ளி திருமணத்தையே தேர்ந்தெடுங்கள். கதை எல்லாருக்கும் தெரியும், கல்யாணத்தில் முடியும், கோயில்காரர்களும் அதைத்தான் அதிகம் போடுகிறார்கள். அடுத்தது பவளக்கொடி. அரிச்சந்திர மயான காண்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பாம்பு கடித்துச் செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி அழுகிற இடத்தில் என் மகன் எழுந்து, "அம்மா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தான். அப்போது அவனுக்கு ஆறு வயது, லோகிதாசனும் கிட்டத்தட்ட அந்த உயரம்.

பகலை எப்படி வெட்டுவது

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பதினொன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். அந்த ஐந்தரை மணி நேரத்தில் ஒரே ஒரு இடம். இரண்டாவது இடத்தைப் பற்றி வண்டியில் யாராவது பேச்செடுத்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுங்கள்.

எந்தக் கடல் என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் தென்புறத்தை ஆண்கடல், வடபுறத்தைப் பெண்கடல் என்று சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது கோடையின் பின்பாதியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று வந்ததும் இது அப்படியே தலைகீழாகும். நாடக சீசனில் பெரும்பகுதி கச்சான் காலத்தில் வருவதால் உங்களுக்கு வடகடல்தான் தோது.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் அரியமான் கடற்கரை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் இடப்பக்கம் பிரிய வேண்டும். மரத்து நிழல் உண்டு, ஆழம் மெதுவாகத்தான் கூடும். நிழல் இருக்கிறதே என்று மதியம்வரை இருந்துவிடாதீர்கள். உப்புக் காற்றில் வேர்வை தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தலை வலிக்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள், நண்பர்கள் என்றால் காரங்காடு. தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகிற வழியில் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போவார்கள். துடுப்புப் போட்டுப் போகும் கயாக் உண்டு. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டு சூப்பை விட்டுவிடாதீர்கள். சதுப்பு மண்ணிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைக் காட்டி, மரம் மூக்கை வெளியே நீட்டியிருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

தாத்தா, பாட்டி கூட வந்தால் தேவிபட்டினம் நவபாஷாணம் (கடலுக்குள் நிற்கும் நவக்கிரகங்கள்), அல்லது திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாளைப் பார்த்துவிட்டு அப்படியே சேதுக்கரை. வெயில் தாங்காதவர்களுக்கு ஊருக்குள்ளேயே ராமலிங்க விலாசம் அரண்மனை. இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் சுவர் ஓவியங்களில் அரசவை, போர், ராமாயணம், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கும் காட்சி எல்லாம் இருக்கிறது. நாடகத்துக்கு முன்னால் இதைப் பார்த்தால் ஒரு லாபம் உண்டு. ராஜபார்ட் தலையில் வைத்திருக்கும் கிரீடத்தைப் பார்த்து மகள், "அரண்மனைச் சுவர்ல இருந்தவரு மாதிரியே இருக்காருப்பா" என்றாள்.

ராமேசுவரமும் தனுஷ்கோடியும்? போகலாம், ஆனால் நாடகம் இல்லாத வாரத்தில் போங்கள். போக வர மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி, ராமேசுவரம் வரைக்கும் ரயிலில் போனால் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் மேல் போகலாம். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில் கட்டியது அது.

சரி, பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தாயிற்று. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் தூங்க வேண்டும். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை, போனை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு. கேட்க எளிதாக இருக்கும், செய்வதுதான் கஷ்டம். பிள்ளைகள் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் காலையில் கடலில் இன்னும் ஒரு மணி நேரம் ஆட விட்டிருக்க வேண்டும் என்று அர்த்தம், அடுத்த தடவை சரிசெய்துகொள்ளுங்கள்.

யார் யாரைக் கூட்டிப்போவது

இரண்டு குடும்பம் போதும். மூன்றாவது குடும்பம் சேர்ந்தால் எங்கே நிறுத்துவது, யார் முன்னால் போவது, யாரைக் காணோம் என்பதிலேயே பாதி ராத்திரி போய்விடும். வயதுப் பிள்ளை இருந்தால் அவனுடைய நண்பன் ஒருவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பான். திருவிழா என்றதும் 'கொஞ்சம் போட்டுட்டு வர்றேன்' என்கிற நண்பரை மட்டும் அன்பாகக் கழற்றிவிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது, திருவிழாவில் சண்டை ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கட்டாயம் கூட்டிப்போக வேண்டிய ஆள், பழைய நாடகப் பாட்டு தெரிந்த ஒரு பெரியவர். எங்களுக்கு என் மாமியார். மேடையில் பாதி வரி வரும்போதே மீதியை முணுமுணுத்துவிட்டு, "இப்ப பாருங்க, நாரதர் மடக்குவாரு" என்று முன்கூட்டியே சொல்வார். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், அங்கே போய்ப் பக்கத்துப் பாயில் இருக்கும் ஆத்தாவைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வெற்றிலை போதும்.

என்ன எடுத்துப்போவது

பிளாஸ்டிக் பாய் ஒன்று, மேலே விரிக்க ஜமுக்காளம் ஒன்று. வெறும் ஜமுக்காளம் விரித்தால் மண்ணின் ஈரம் மூன்று மணிக்கு முதுகுக்கு ஏறும். ஆளுக்கொரு போர்வை. சித்திரை வெயிலில் போர்வையா என்று சிரிக்காதீர்கள். கடலோரத்தில் விடியற்காலைக் காற்று வேறு மாதிரி. கொசுவுக்குத் தடவும் களிம்பு, டார்ச், தண்ணீர், கைக்குழந்தை இருந்தால் காதை மூடக் குல்லா. சில்லறையாக ஐநூறு ரூபாய். தின்பதற்கு வீட்டு முறுக்கு, கீழக்கரைப் பக்கம் போக வாய்த்தால் தொதல். அந்த அல்வா மாதிரியான பண்டம் கையில் ஒட்டும், ஆனால் ஒரு துண்டு வாயில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குத் தூக்கம் வராது.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. பெண்களுக்கு இந்த ஒரு காரணத்தாலேயே நாடகம் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. பொட்டலில் வசதி இருக்காது. அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ அந்த ஊர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். "எங்க ஊர்த் திருவிழாவுக்கு நீங்க வரணும்" என்று சொல்லாத ஆளை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. சும்மா ஒப்புக்குச் சொல்வதும் இல்லை அது. போனால் சாப்பாடு போடாமல் விடமாட்டார்கள். அந்த வீடுதான் ராத்திரி உங்களுக்குத் திண்ணையும் குளியலறையும். போகும்போது பழமும் பூவும் வாங்கிப் போங்கள்.

ராத்திரியைப் பார்க்கும் முறை

நோட்டீஸில் 'சரியாக 10 மணி அளவில்' என்றுதான் போட்டிருக்கும். அந்தச் 'சரியாக'வுக்கும் 'அளவி'லுக்கும் நடுவில் அரை மணி நேரம் இருக்கிறது. நீங்கள் ஒன்பதரைக்குப் போய்ப் பாயை விரித்துவிடுங்கள். விரித்தால் அது பட்டா போட்ட இடம், எழுந்து போனாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். மேடைக்கு நேராக, பத்துப் பன்னிரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். ஓரத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கருக்கு முன்னால் மட்டும் வேண்டாம், நெஞ்சு அதிரும். முன்னால் போட்ட நாற்காலிகள் விழாக் கமிட்டியாருக்கு. அவர்களே கூப்பிட்டு உட்காரச் சொன்னாலும் ஒரு தரம் மறுத்துப் பாருங்கள். நாற்காலியில் சாய்ந்து தூங்க முடியாது.

கூட்டத்தைக் கும்பிட ஆர்மோனியமும் பின்பாட்டும் முதலில் தொடங்கும். அப்புறம் பபூன். அவர் தனியாகக் கொஞ்ச நேரம், டான்ஸ் ஆடும் பெண் வந்த பிறகு இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம், கிட்டத்தட்ட நடுச்சாமம் வரைக்கும் இழுப்பார்கள். இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பகுதியில் இரட்டை அர்த்தம் வரும். சில பபூன்கள் அரசியலையும் ஊர்க் கதையையும் வைத்தே சிரிக்க வைப்பார்கள், சில பேர் எல்லை தாண்டுவார்கள். பிள்ளைகளோடு போனால் நான் செய்வது இதுதான். பாயை விரித்து, பெரியவர்களை அதில் உட்காரவைத்துவிட்டு, பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்விடுவேன். ராட்டினம், பஞ்சு மிட்டாய், வளையல் கடை, பலூன் சுடுவது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பினால் கதை தொடங்கும் நேரம்.

அந்த நடையில் மேடைக்குப் பின்னால் போய் ஒரு எட்டுப் பார்க்கலாம், முறைப்படி கேட்டுக்கொண்டு. ஒரு தடவை நாரதர் வேஷக்காரர் தகரப் பெட்டியின் மூடியில் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒற்றை டியூப்லைட்டில் முகத்துக்கு ரோஸ் கலர் பூசிக்கொண்டிருந்தார். பாதி முகம் நாரதர், பாதி முகம் நம்மைப் போன்ற ஆள், காதில் போன். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பேசி முடித்து, போனைப் பெட்டிக்குள் போட்டு, மீதிப் பாதியையும் பூசிக்கொண்டு திரும்பினார். "என்ன பாப்பா, நாரதர்ட்ட கேள்வி இருக்கா?" குரலே மாறிவிட்டது. பெண் நடிகர்கள் இருக்கும் மறைப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது, போனைத் தூக்கிப் படம் எடுக்கவும் கூடாது. டான்ஸ் ஆடும் பெண்ணை வீடியோ எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கும்பலில் நீங்கள் சேர வேண்டாம்.

பன்னிரண்டுக்கு மேல்தான் நாடகம். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டுவாள். மேடையில் கிளியும் இல்லை, தினையும் இல்லை. பின்னால் ஒரு சீன் துணி, நடுவில் ஒரு மைக். அவ்வளவுதான். ஆனால் குரல் மேலே ஏறி நிற்கும்போது பக்கத்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றும்.

அப்புறம் நாரதர் வருவார். தர்க்கம் தொடங்கும். இதற்காகத்தான் மத்தியானம் தூங்கச் சொன்னேன். நாரதர் ஒரு கேள்வி போடுவார். வள்ளி நேரே பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்துத் திருப்பிக் கேட்பார். பதிலை யோசிக்கிற இரண்டு நொடியை மறைக்க ஆர்மோனியக்காரர் ஒரு சின்ன இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு கொஞ்சம் நீண்டால் ஆள் திணறுகிறார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், மெல்லச் சலசலக்கும். நாங்கள் பார்த்த ஒரு ராத்திரி, நாரதர் திருமணம் ஆகாத பெண் தனியாகக் காட்டில் காவல் இருப்பது முறையா என்ற மாதிரி ஒன்றைக் கேட்டார். வள்ளி அமைதியாக நின்றார். ஆர்மோனியம் இழுத்தது, மறுபடியும் இழுத்தது. பிறகு வள்ளி, "மூன்று உலகமும் தனியாகச் சுற்றுகிற தங்களுக்கு யார் காவல் சுவாமி?" என்றாரே பார்க்கலாம். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மகள் என் கையைச் சுரண்டி, "இப்ப யாருப்பா ஜெயிக்கிறா?" என்று கேட்டாள். மணி இரண்டே கால்.

மூன்று மணி வாக்கில் தூக்கம் அமுக்கும். வெட்கப்படாமல் அரை மணி நேரம் படுத்துவிடுங்கள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். தூங்கித் தூங்கி விழிப்பதும் இந்த நாடகத்தைப் பார்க்கும் முறைகளில் ஒன்று. கெட்டிலில் சுக்குக் காபியோ டீயோ கொண்டுவருவார்கள், அதுதான் மணியடிப்பது. எழுந்தால் முருகன் வேடனாக வந்து வள்ளியோடு மல்லுக்கு நிற்பார். கிழவனாக வருவதும், யானையைக் கண்டு வள்ளி பயப்படுவதும், கல்யாணமும் கீழ்வானம் வெளுக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

காசு விஷயம்

இலவசம்தானே என்று கை வீசிக்கொண்டு போய்விட்டு வராதீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரே வரி போட்டுத்தான் இந்த ராத்திரியை நடத்துகிறது. நீங்கள் வரி கட்டாத விருந்தாளி. போனதும் அம்மனைக் கும்பிட்டு உண்டியலில் போடுங்கள். பாட்டு பிடித்திருந்தால் கமிட்டி மேஜையில் நூறோ இருநூறோ கொடுத்து யாருக்கு என்று சொல்லலாம், மைக்கில் பெயர் வாசித்துக் கொடுப்பார்கள். நேராக மேடையேறிப் பணம் குத்துகிறவர்களும் உண்டு, பெண் கலைஞர்களுக்கு அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்காது. ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் யாரும் நினைப்பதில்லை, அவர்களுக்குக் கொடுங்கள். நான் முதல் தடவை ஆர்மோனியத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்டுக் குறித்துக்கொண்டவர் மைக்கில், "நமது கலெக்டர் ஆபீஸ் ஐயா அவர்கள் அன்பளிப்பு" என்று வாசித்துவிட்டார். எனக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் பட்டா மாறுதல் மனுவோடு என் பாய்க்கு வந்தார்கள்.

திரும்புவது

பாதியில் கிளம்புவதாக இருந்தால் ஒரு மணிக்குள் கிளம்புங்கள். மூன்று, நான்கு மணிக்கு வண்டி எடுக்கவே எடுக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் மாடு படுத்திருக்கும், எதிரே வரும் லாரிக்காரரும் உங்களைப் போலவே கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். விடியும்வரை இருந்து, மங்களம் பாடிய பிறகு, முகம் கழுவி டீ குடித்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. நன்றாகத் தூங்கிய ஒருவரை ஓட்டுவதற்கென்று வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

அந்த நேரத்தில் கடலோர ஊராக இருந்தால் நாட்டுப்படகுகள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை கொஞ்சம் கூடுதல். ஏலம் விடுகிறவருக்குப் பக்கத்தில் போய் நின்று தலையை ஆட்டிவிடாதீர்கள், ஒரு கூடை நகரை மீன் உங்கள் பெயரில் நின்றுவிடும். ஏலம் எடுத்த அக்காக்களிடம் ஒன்றிரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். என் மனைவியின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு ஒருவர், "நாடகம் பாத்தியா தாயி? நாரதர் எப்படி?" என்று கேட்டபடியே இரண்டு மீனை மேலே போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே படுக்கையில் விழத் தோன்றும். மீனை முதலில் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள். நாங்கள் ஒரு தடவை பையோடு சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கிப் பன்னிரண்டு மணிக்கு எழுந்தோம். பூனைகளுக்கு நல்ல ஞாயிற்றுக்கிழமை.